இல்லாத ஃபைலும் தெரிய வேண்டும்

முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அந்தப் பக்கம் ஏதோ பழுதாகிப்போன வெப்சைட் போலத்தான் இருக்கும். வெள்ளைத் திரை. மேலே ‘இண்டெக்ஸ் ஆஃப்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே நீல எழுத்தில் வரிசையாக ஃபைல் பெயர்கள், பக்கத்தில் தேதி, அளவு. மெனு கிடையாது, ஓடும் அறிவிப்பு கிடையாது, அமைச்சர் படம் கிடையாது. சர்வரின் ஒரு ஃபோல்டரில் என்ன இருக்கிறதோ அதைப் பட்டியல் போட்டுக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அரசு அலுவலகங்கள் தாங்கள் சேர்த்த தரவை மக்களுக்குக் கொடுக்க இதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை என்பது என் கட்சி.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் அல்ல. வேளாண் பொறியியல் படித்தவள். மன்னார்குடிப் பக்கத்தில் பாசன சங்கங்களுக்கும், பயிர்ச் சேதத்துக்கு மனு போடும் விவசாயிகளுக்கும் மழைக் கணக்கு எடுத்துக் கொடுக்கிறேன். “கார்த்திகை கடைசில மூணு நாள் விடாம பெஞ்சுதேம்மா, அதுக்கு ஒரு பேப்பர் வேணும்” என்று வந்து உட்காருவார்கள். எந்த மழைமானியில் எவ்வளவு, அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே வாரத்தில் எவ்வளவு என்று அந்தப் பேப்பரில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் பைதான் கற்றுக்கொண்டேன். இன்றும் எனக்குத் தெரிந்த பைதானில் பாதி, இந்த வெள்ளைப் பக்கங்களைப் படிக்கும் ஸ்கிரிப்ட் எழுதத்தான் பயன்படுகிறது.

ஸ்கிரிப்ட் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பட்டியலை வாங்கு. அதிலிருக்கும் லிங்குகளை ஒவ்வொன்றாக எடு. வேண்டிய பெயர் இருந்தால் தேதியையும் அளவையும் குறித்துக்கொள். நேற்று எடுத்த பட்டியலோடு ஒத்துப்பார். புதிதாக வந்ததை மட்டும் இறக்கு. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டியல் மனிதர் கண்ணுக்காகப் போடப்பட்டது என்பதால், படிக்கிற இயந்திரத்துக்கு அதில் வரிக்கு வரி சிக்கல் இருக்கும். மேல் ஃபோல்டருக்குப் போகும் லிங்க்கும் ஃபைல்களோடு சேர்ந்தேதான் நிற்கும். அதைக் கழிக்காவிட்டால் ஸ்கிரிப்ட் மேலே ஏறிப்போய் சர்வர் முழுக்கச் சுற்றத் தொடங்கிவிடும். பெயர், தேதி, அளவு என்ற தலைப்புகளும் லிங்க்குகள்தான். அவற்றைத் தொட்டால் அதே பட்டியல் வேறு வரிசையில் வரும். கேள்விக்குறியில் தொடங்கும் அந்த லிங்க்குகளின் பின்னால் போகிற ஸ்கிரிப்ட், ஒரே பட்டியலைத் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கும். அப்பாச்சி சர்வரில் அமைப்பை மாற்றி வைக்காவிட்டால், பெயர் 23 எழுத்துக்கு மேல் போனதும் வெட்டிப் புள்ளி வைத்துவிடும். மழை ஃபைல்களின் பெயர்களில் தேதி பெரும்பாலும் கடைசியில்தான் வரும், வெட்டுப்படுவதும் அதுதான். கண்ணுக்குத் தெரியும் பெயரை விட்டுவிட்டு, லிங்க்குக்குள் இருக்கும் முழுப் பெயரை எடுக்க வேண்டும். அளவும் அப்படித்தான்: 1.2 எம்பி என்று தோராயமாகக் காட்டும். சரியான பைட் கணக்கு வேண்டுமென்றால் ஃபைலை இறக்காமல் அதன் தலைப்பு விவரத்தை மட்டும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நேரம் இன்னொரு சங்கடம். எஞ்சின்எக்ஸ் சர்வர், மாற்றச் சொல்லாத வரை, கிரீன்விச் நேரத்தைக் காட்டும். அப்பாச்சி அந்த சர்வர் இருக்கும் ஊரின் நேரத்தைக் காட்டும். நம் ஊர் மழைநாளோ காலை எட்டரை மணிக்கு முடிந்து எட்டரைக்குத் தொடங்குவது, அதாவது கிரீன்விச்சில் மூன்று மணி. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் என்று எல்லோரும் சொல்கிறோமே, அது டிசம்பர் 2 காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்துக்கான கணக்கு. அந்த மழையின் பெரும்பகுதி கொட்டியது டிசம்பர் 1 அன்று. எந்தத் தேதி போட்ட ஃபைலில் அதைத் தேடுவது என்று தெரியாமல் உட்கார்ந்தால் ஒரு நாள் மழையே காணாமல் போய்விடும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள் இப்போது நிறைய வருகின்றன. எனக்கு அதில் மகிழ்ச்சிதான், ஸ்கிரிப்ட்டுக்குத்தான் கஷ்டம். ‘மழை’ என்று இரண்டு எழுத்துப் பெயர், லிங்க்குக்குள் போகும்போது விழுக்காட்டுக் குறியும் எண்ணுமாக 27 குறிகளாக நீண்டுவிடும். அதையாவது ஒரே கட்டளையில் திரும்ப மாற்றிவிடலாம். ‘கொள்ளிடம்’ என்ற பெயரில்தான் உண்மையான வம்பு. ‘கொ’வின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பழைய மேக் கணினிகள் பெயரைச் சேமிக்கும்போதே அதை இரண்டாகப் பிரித்துத்தான் வைக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஸ்கிரிப்ட்டுக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ‘கொள்ளிடம் இல்லை’ என்று அது சொல்லும்போது கொள்ளிடம் கண் முன்னால் நீலமாக நின்றுகொண்டிருக்கும்.

பட்டியலைப் படிக்கும் இந்தத் தொல்லை இன்று தொடங்கியதல்ல. கணினிகளுக்கிடையே ஃபைல் பரிமாறும் எஃப்டிபி முறையின் முதல் வரைவை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்துவிட்டு அமெரிக்காவில் எம்ஐடிக்குப் போனவர். அந்த முறை 1985-ல் முழு வடிவம் பெற்றபோது, பட்டியல் கேட்கும் கட்டளையைப் பற்றி அந்த ஆவணமே ஒப்புக்கொண்டது: ஒவ்வொரு கணினியும் பட்டியலை ஒவ்வொரு மாதிரி கொடுக்கும், மனிதர் படிக்கலாம், புரோகிராம் படிப்பது கடினம் என்று. யூனிக்ஸ் கணினிகளின் பட்டியலில் ஒரு வினோதம் உண்டு. ஃபைல் ஆறு மாதத்துக்கு உட்பட்டதாக இருந்தால் மாதம், நாள், மணி வரும், ஆண்டு வராது. ஆறு மாதம் தாண்டினால் ஆண்டு வரும், மணி போய்விடும். ஜனவரி முதல் தேதி காலையில் பட்டியலை வாங்கும் ஸ்கிரிப்ட், டிசம்பர் 31 என்பது எந்த ஆண்டின் டிசம்பர் என்று தானே ஊகித்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் சர்வரில் மாதம் முன்னால், நாள் பின்னால், ஆண்டுக்கு இரண்டே இலக்கம். இந்த வகைகளையெல்லாம் புரிந்துகொள்வதற்கென்றே டேனியல் பெர்ன்ஸ்டைன் தனியாக ஒரு நிரல் எழுதி வெளியிட்டார். புரோகிராம் படிக்கத் தக்க பட்டியலுக்கு முறையான விதி 2007-ல்தான் வந்தது. அது பரவலாவதற்குள் எஃப்டிபியின் காலமே முடிந்தது. 2021-ல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைக் கைவிட்டன.

இத்தனை தொல்லை இருந்தும் ஏன் இந்தப் பட்டியலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கேட்கலாம். காரணம் ஒன்றுதான். எது இல்லை என்பதை அது சொல்லிவிடுகிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகம் ‘சிர்ப்ஸ்’ என்ற மழைத் தரவை வெளியிடுகிறது. செயற்கைக்கோள் பார்த்ததையும் தரையில் மழைமானி அளந்ததையும் சேர்த்து, சுமார் ஐந்தரை கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாக, 1981 முதல் நாள்வாரியாகக் கொடுப்பது. நாளுக்கு ஒரு ஃபைல், பெயரில் ஆண்டு, மாதம், நாள் அந்த வரிசையிலேயே. 2015 ஃபோல்டரில் 365 வரிகள் இருக்க வேண்டும், 2016-ல் 366. என் ஸ்கிரிப்ட் எதையும் இறக்குவதற்கு முன்னால் எண்ணிப் பார்க்கும். ஒரு வரி குறைந்தால் எந்த நாள் விட்டுப்போயிற்று என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். முதலில் அவசரத்துக்கு வரும் தோராயக் கணக்குக்கு ஒரு ஃபோல்டர், அடுத்த மாதம் வரும் இறுதிக் கணக்குக்கு வேறு ஃபோல்டர். ஒன்றின் மேல் ஒன்றை எழுதிவிடுவதில்லை. சிர்ப்ஸ் எண்ணை வைத்து மனுவில் இழப்பீடு கேட்க முடியாதுதான். ஆனால் பக்கத்து மழைமானிகள் நாற்பது, ஐம்பது மில்லிமீட்டர் காட்டிய நாளில் ஒரு மானி மட்டும் பூஜ்யம் காட்டினால், மானி பொய் சொல்கிறதா என்று ஒத்துப்பார்க்க இதைவிட உதவி வேறில்லை.

அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல அமைப்பான ‘நோவா’ வைத்திருக்கும் வானிலைக் களஞ்சியமும் இதே மாதிரிதான். 1901 முதல் ஆண்டுக்கு ஒரு ஃபோல்டர், உலகெங்கும் உள்ள ஒவ்வொரு நிலையத்துக்கும் அந்த ஆண்டில் ஒரு ஃபைல். 2015 ஃபோல்டரைத் திறந்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் வந்து விழும், பிரவுசர் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். அதில் 432790 என்று தொடங்குவது நம் மீனம்பாக்கம். பதிவு செய்ய வேண்டாம், ஓடிபி வேண்டாம், எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற விண்ணப்பம் வேண்டாம். சென்னை விமான நிலையத்தின் அளவுகளை மன்னார்குடியிலிருந்து அமெரிக்காவின் ஆஷ்வில் நகரில் உள்ள நோவா சர்வரில் போய் எடுத்துவரலாம்.

நம்மிடம் தரவு இல்லாமல் இல்லை. இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகம் 1901 முதல் நாள்வாரி மழையைக் கால் பாகைக் கட்டங்களாக இலவசமாகவே கொடுக்கிறது. உலகில் இவ்வளவு நீண்ட கணக்கு வைத்திருக்கும் நாடுகள் அதிகம் இல்லை. மாநில அளவிலும் மாவட்ட அளவிலும்தான் பிரச்சினை. ஓர் அலுவலகத்தின் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். அவர்கள் அன்றாட மழைப் பட்டியலைப் பிடிஎஃப்பாக ஒரு திறந்த ஃபோல்டரில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர்கள் கண்ணராவிதான்: ‘ரெயின் 1.12 ஃபைனல்’, ‘ரெயின் 1.12 ஃபைனல் நியூ’, சில நாளுக்கு ‘(2)’ வேறு. ஆனாலும் ஃபோல்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஃபைல் வராது, திங்களன்று இரண்டாக வரும், அதுவும் தெரிந்தது. ஒரு நாள் வெப்சைட் புதுப்பிக்கப்பட்டது. அருவிப் படத்தோடு அழகான போர்ட்டல் வந்தது. தேதியைத் தேர்ந்தெடுக்க ஒரு காலண்டர், கோணல் எழுத்தைப் படித்து அடிக்க ஒரு கேப்சா, பிறகு அந்த ஒரு நாளின் பிடிஎஃப். பழைய ஃபோல்டரைத் திறந்தால் அனுமதி இல்லை என்றது.

அங்கே போன் போட்டேன். எடுத்தவர் மரியாதையான மனிதர்.

“மேடம், எல்லாம் அதுலயேதான் இருக்கு. தேதி போட்டா வந்துடும்.”

“ஒரு பருவத்துக்கு எடுக்கணும்னா தொண்ணூறு தடவை தேதி போடணுமே சார்.”

“அது… ஏஜென்சி செஞ்சது மேடம். நாங்க அதுல கை வைக்க முடியாது.”

தொண்ணூறு தடவை போடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காலண்டரில் ஒரு தேதியைத் தொட்டு ‘தகவல் இல்லை’ என்று வந்தால் அதற்கு என்ன பொருள்? மழை பெய்யவில்லையா, பெய்தும் யாரும் அளக்கவில்லையா, அளந்ததை ஏற்றவில்லையா, ஏற்றியதை எடுத்துவிட்டார்களா? போர்ட்டல் இந்த நான்குக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருக்கிறது. ரேஷன் கடை வாசலில் இருப்புப் பலகை எதற்குத் தொங்குகிறது? பாமாயில் பூஜ்யம் என்பதும் எழுத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். ஃபோல்டர் பட்டியலில் ஃபைல் விடுபட்டிருந்தால் எல்லோருக்கும் தெரியும். மூன்று ஆண்டுக்கு முந்தைய ஃபைலின் தேதி திடீரென்று போன வாரமாக மாறியிருந்தால் அதுவும் தெரியும். யாரோ ஒருவர் அந்தக் கணக்கைத் தொட்டிருக்கிறார். திருத்தமாக இருக்கலாம், நல்லதாகவே இருக்கலாம். தொட்டது தெரிய வேண்டும், அவ்வளவுதான். (சர்வரை மாற்றும்போது எல்லா ஃபைலுக்கும் அன்றைய தேதியே விழுந்துவிடுவதும் உண்டு. அன்றைக்கு என் ஸ்கிரிப்ட் பழைய ஆண்டுகள் முழுவதையும் புதிது என்று கூவும்.)

என் அண்ணன் மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். நான் செய்வதைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும். “அத்தை, ஒரு ஏபிஐ குடுக்கச் சொல்லிக் கேக்கலாம்ல? இப்படி வரி வரியா உரிச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க.” கேட்கலாம். ஏபிஐ என்பது புரோகிராம்கள் நேரடியாகத் தரவு கேட்டு வாங்கும் வாசல். அது வந்தால் அதற்கு ஒரு சாவி வரும், சாவிக்கு ஒரு பதிவு வரும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், ஆளுக்கு ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் முடிந்த மறுமாதம் அது பதில் சொல்வதை நிறுத்திவிடும். திறந்த ஃபோல்டருக்குப் பராமரிப்பு என்று அநேகமாக எதுவும் இல்லை. சர்வர் ஓடினால் அதுவும் ஓடும். ஏபிஐ கொடுக்க முடிந்தவர்கள் தாராளமாகக் கொடுக்கட்டும். ஃபோல்டரை மூடிவிட்டுக் கொடுக்க வேண்டாம்.

அதிகாரிகளின் பயமும் எனக்குப் புரிகிறது. 2017-ல் மத்திய, மாநில அரசுகளின் சுமார் 210 வெப்சைட்டுகளில் பயனாளிகளின் பெயரும் ஆதார் எண்ணும் வெளியே கிடந்ததை ஆதார் ஆணையமே தகவல் உரிமை மனுவுக்கான பதிலில் ஒப்புக்கொண்டது. அதைப் பார்த்தவர்கள் எந்த ஃபோல்டரையும் திறந்து வைக்கத் தயங்குவார்கள். ஆனால் பட்டியலை மறைப்பது ஃபைலைப் பூட்டுவது ஆகாது. பட்டியல் தெரியாவிட்டாலும், பெயரை ஊகித்து அடிப்பவருக்கு அந்த ஃபைல் திறக்கத்தான் செய்யும். ஆள் விவரம் இருக்கிற ஃபைல் அந்த சர்வருக்கே வரக்கூடாது. மழைக்கும் அணை நீர்மட்டத்துக்கும் ஆதார் எண் கிடையாது.

இன்னொரு பயம், தானியங்கி ஸ்கிரிப்டுகள் வந்து மொய்த்து சர்வரைப் படுக்கவைத்துவிடும் என்பது. இது நியாயமான பயம். செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்காக வலையை வாரிக்கொண்டு போகும் நிரல்கள் வந்த பிறகு இது கூடியும் இருக்கிறது. கேப்சா வைப்பதைவிட எளிய மருந்து உண்டு. ஆண்டு முடிந்ததும் அந்த ஆண்டின் நாள்வாரி ஃபைல்களை ஒரே ஜிப்பாகக் கட்டி அதே ஃபோல்டரில் வைத்துவிட்டால் 365 தடவை யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. என் ஸ்கிரிப்ட் ஒன்றை இறக்கிவிட்டுச் சில நொடி காத்திருந்துதான் அடுத்ததைக் கேட்கும். யார் கேட்கிறார்கள் என்று என் பெயரும் மின்னஞ்சலும் சொல்லும். மாறாத ஃபைலைத் திரும்ப வாங்காது. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற நாளில், ஊரே அந்தத் தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பழைய ஆண்டுக் கணக்கை இறக்குவது அநாகரிகம். அதை இரவில் செய்யலாம்.

திறந்து வைப்பதில் அலுவலகத்துக்கே ஒரு லாபம் உண்டு. 2024 செப்டம்பர் கடைசியில் ஹெலீன் புயல் வடக்கு கரோலினா மலைப்பகுதியை அடித்தபோது, ஆஷ்வில் நகரில் இருக்கும் நோவாவின் தரவு மையமே பல நாள் முடங்கியது. புயலைக் கணக்கெடுக்கும் களஞ்சியம் புயலால் நின்றது. அப்போதும் அதன் பழைய ஃபைல்களின் நகல்கள் பல பல்கலைக்கழகங்களில், பலரது கணினிகளில் இருந்தன, என் வன்தட்டில் இருக்கும் கொஞ்சம் உட்பட. ஃபோல்டரைத் திறந்து வைத்ததால் தானாக உண்டான காப்பு அது. காலண்டருக்குள் அடைத்த தரவுக்கு அப்படி நகல் உண்டாகாது.

சட்டமும் நம் பக்கம்தான். 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(அ), ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி வைக்க வேண்டும் என்கிறது. கணினியில் ஏற்றத் தக்கதை ஏற்றி வலையில் இணைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. யாரும் மனு போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை அது. 2012-ன் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை, இயந்திரம் படிக்கத் தக்க வடிவில் கொடுக்கச் சொல்கிறது. 2017-ல் இந்திய அரசின் திறந்த தரவு உரிமமும் வந்துவிட்டது. அந்த உரிமத்தின் பெயரை ஃபோல்டரின் முதல் ஃபைலில் ஒரு வரியாக எழுதிவைத்தால் போதும். இல்லாவிட்டால், அனுமதியின்றித் தரவிறக்கினால் இழப்பீடு என்று சொல்லும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ம் பிரிவைப் படித்துவிட்டு, ஸ்கிரிப்ட் எழுதலாமா என்று கல்லூரிப் பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். பொதுப் பணத்தில் அளந்த மழையை எடுக்க ஒரு மாணவர் பயப்பட வேண்டிய அவசியம் என்ன?

அடுத்த போர்ட்டலுக்கு டெண்டர் எழுதப்போகிறவர்கள் நிபந்தனைகளில் சில வரிகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஃபோல்டர் அதே முகவரியில் திறந்தே இருக்கும். ஃபைல் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கும், மாதமும் நாளும் எப்போதும் இரண்டு இலக்கமாக இருக்கும், அப்போதுதான் 10-ம் தேதி 2-ம் தேதிக்கு முன்னால் வந்து நிற்காது. தவறு கண்டால் திருத்திய ஃபைல் புதுப் பெயரில் வரும், பழையது நீக்கப்படாது. அளக்காத நாளுக்கும் ‘அளக்கவில்லை’ என்று ஒரு ஃபைல் உண்டு. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பெயர், பைட் கணக்கு, சரிபார்ப்பு எண் கொண்ட ஒரு சிறு பட்டியல் ஃபைல் இருக்கும். அது இருந்தால் என்னைப் போன்றவர்கள் இந்த உரிக்கும் வேலையையே விட்டுவிடுவோம். ஏஜென்சிக்காரர்கள் இதற்குக் கூடுதல் செலவாகும் என்பார்கள். பட்டியல் காட்ட அப்பாச்சியில் ஒரு வரி மாற்றினால் போதும். எஞ்சின்எக்ஸில் இரண்டு வரி: பட்டியலைத் திறக்க ஒன்று, அதையே ஜேசான் வடிவில் இயந்திரத்துக்குக் கொடுக்க இன்னொன்று. இதற்குத் தனியாக பில் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.